கால்பங்கு

முதலில் உருக வேண்டும்.
வெளியே கழித்தல் முப்பத்தொன்று.
பாறையாய் வந்திறங்கிய மூட்டைகளைக்
கொட்டகைக்குள் ஓர் இரவு
விருந்தாளிகள் மாதிரி அடுப்பருகே வைத்திருந்தோம்.

காலையில் தார்ப்பாயில் குளம்.
வீட்டுக் குப்பையின் ஈரமா,
வண்டியின் மேல் விழுந்த பனியா?
படிவத்தில் வானத்துக்கென்று தனிக் கட்டம் இல்லை.
"ஈரம் என்றே போடு" என்றார் தோர்ஜ்பலாம்.

இருநூற்றுப் பத்து கிலோ.
மண்வெட்டியால் கூம்பாகக் குவி,
உச்சியை மிதித்துத் தட்டையாக்கு,
மறுபடி குவி.
மூன்றாம் முறைதான்
வேலிச் சண்டையில் பேச்சை நிறுத்திய இரண்டு வீடுகள்
ஒன்றோடொன்று சரியாகக் கலக்கும்.

உலான்பாத்தரின் வடசரிவில்
பனிக்காலக் குப்பை பெரும்பாலும் சாம்பல்.
பத்து மில்லிமீட்டர் சல்லடைக்குக் கீழே
யார் வீடு எது என்று சொல்ல முடியாது.
மேலே நிற்பவைதான் வாய் திறக்கும்:
சுரண்டித் தின்ற ஆட்டுத் தோளெலும்பு,
ஒற்றைக் கம்பளிக் காலுறை,
விடை எழுதாத கணக்கு நோட்டு.

மூன்றாம் கூம்பில் பார்த்தேன்.
ஓட்கா புட்டிகள், ஆறு.
லேபிளைக் கிழியாமல் உரித்து
சிகரெட் கனத்துக்குச் சுருட்டி
உள்ளேயே போட்டு மூடியைத் திருகுகிற கை
எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒன்றுதான்.
அண்ணன் கோம்போசுரென்.
இலையுதிர் காலத்தோடு விட்டாயிற்று என்றான்.
நான் கேட்காமலே சொன்னான்.

கயிறு போட்டு நாலாகப் பிரித்தோம்.
எதிரெதிர்க் கால்பங்குகள் இரண்டு தங்கும்,
இரண்டு லாரிக்குப் போகும்.
எதுவென்று நாங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது;
கண் பட்சபாதம் உள்ளது.
தோர்ஜ்பலாமின் சட்டைப்பையில்
ஓர் ஆட்டின் கணுக்காலெலும்பு இருக்கும்.
குதிரையோ செம்மறியோ விழுந்தால் வடக்கும் தெற்கும்,
ஒட்டகமோ வெள்ளாடோ விழுந்தால் கிழக்கும் மேற்கும்.
கையேட்டில் இது இல்லை.
ஆய்வகத்தில் யாரும் கேட்டதும் இல்லை.

நாலு புட்டிகள் கிழக்கில் கிடந்தன,
இரண்டு வடக்கில்.
எலும்பு காற்றில் இருந்தபோது
குதிரை என்று வேண்டினேனா, ஒட்டகம் என்றா,
இப்போது கேட்டால் தெரியாது.

வெள்ளாடு.

வகை பிரிப்பதில் தள்ளுபடி கிடையாது.
உலோகம் உலோகத்தோடு, காகிதம் காகிதத்தோடு.
நாலு மூடியையும் திருகி
வளைந்த கம்பியால் நாலு சுருளையும்
நான்தான் வெளியே இழுத்தேன்.
ஒன்று விரிந்தது. கழுகின் பாதி இறக்கை.
காகிதத் தட்டில் போட்டேன்,
தராசு அசையவில்லை.

கண்ணாடி, நிறமற்றது: 1.6.
செவெல்மா உரக்கத் திருப்பிச் சொன்னாள்: ஒன்று புள்ளி ஆறு.
தட்டைத் துடைத்தேன்.
பூஜ்யம் வரும்வரை காத்திருந்தேன்.

உணவுக் கழிவை மட்டும்
நூற்றைந்து பாகைச் சூளையில் இரவெல்லாம் வைப்போம்.
காலையில் குறைந்திருப்பது நீர், மிச்சம் அது.
கண்ணாடிக்கு அந்தச் சோதனை இல்லை.

ராத்திரி அவன் போன் செய்தான்.
கடும் குளிராமே, இன்று என்ன வேலை?
சாம்பல் என்றேன்.
உங்கள் தெருவில் நிறையச் சாம்பல்.

சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு,
தூளாகவா கட்டியாகவா என்று கேட்டான்.