எதிர்ப்பு: ஒன்று

பீடோர் கோயில் மண்டபம்.
பின்நிலத்தைப் பெட்ரோல் நிலையத்துக்கு விடுவதாம்.
"சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

சுவர் மின்விசிறி மட்டும்
இல்லை இல்லையென்று தலையாட்டியது.

நான் பச்சையம்மாளைப் பார்த்தேன்.
அவள் லோரி குணாளனைப் பார்த்தாள்.
அவன் என்னைப் பார்த்திருக்க வேண்டும்:
என் கை எப்போது மேலே போனதென்று
இன்றும் எனக்குத் தெரியவில்லை.
செம்பனை முள் கீறிய கை,
பக்கத்துக் கைகளின் உயரத்துக்குச் சரியாக.

ஆதரவு நாற்பத்தொன்று. எதிர்ப்பு ஒன்று:
கடைசி நாற்காலியில் அடைக்கலம்,
இரவு ஷிப்ட் முடிந்து நல்ல தூக்கம்.

மறுநாள் ஒட்டுக்கடையில்
பச்சையம்மாள் அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாள்.
குணாளன், யாரும் பார்க்காதபோது, கை குலுக்கினான்.
நானும்தான்.

முதலில் திருதிருவென விழித்தார்.
நாலாவது ஆள் வந்தபோது
முதுகு நிமிர்ந்திருந்தது:
"பின்னே? ஒருத்தனாவது கேக்க வேணாமா?"