வாயில் மண்

ஒன்பதாவது மீட்டரில் குழாய் மேலே வந்தது.
ஷஃபிகுல் மரப்பெட்டியில் வரிசையாகக் கிடத்தினான்:
சிவப்பு, காவி, மறுபடி சிவப்பு,
அப்புறம்
நான் எதிர்பார்க்காத சாம்பல்.

ஒரு கிள்ளு எடுத்து
முன்பல்லில் வைத்துக் கடித்தேன்.

முதலாண்டில் சாலையோர வெட்டுமேட்டில் நிறுத்தி
எங்களைக் கடிக்கச் சொன்னார்கள்.
நறநறத்தால் வண்டல்,
வெண்ணெயாய் வழுக்கினால் களி.
ஆய்வுக்கூடம் இரண்டு வாரம் கழித்துச் சொல்வதைப்
பல் அப்போதே சொல்லிவிடும்.
அன்று முப்பத்தொரு பேர் வரிசையாக நின்று துப்பினோம்.

சுஹைலா இப்போது கெர்த்தே கடலில், எண்ணெய் மேடையில்.
இரண்டு வாரம் தண்ணீர், இரண்டு வாரம் தூக்கம்.
வெய் ஜியே ஈப்போ கல்லுடைப்பில்
வெடிக்கு முன் சங்கு ஊத வைக்கிறான்.
புனிதமலர் காப்புறுதி விற்கிறாள்;
'நிலம் உள்வாங்கினால் சேராது' என்ற வரியை
அவள்போல் யாரும் விளக்க முடியாது.
நான் துளை போடுகிறேன்,
பிறந்த ஊரிலேயே.

சுங்கை சிப்புட் ரொட்டிக் கடையில்
பசியாற உட்கார்ந்தால் இன்றும் கேட்பார்கள்:
"கல்லு படிக்கவா கடன் வாங்குன?
கன்னி ராசிக்கு எந்தக் கல்லும்மா?"
மரகதம் என்று சொல்லிவிட்டு
பரோட்டாவைப் பிய்ப்பேன்.

இந்த இடம் முன்பு கித்தா,
பிறகு செம்பனை,
அடுத்த ஆண்டு தொண்ணூற்றாறு வீடுகள்.
கித்தாவுக்கும் முன்னால் என்ன என்று
வரைபடத்தில் இல்லை. பெட்டியில் இருந்தது.
ஈயக்குட்டை.
அலசிக் கழித்த சேற்றின் மேல்
யாரோ மலைமண்ணை வெட்டிப் பரப்பி
மரம் நட்டிருக்கிறார்கள்.
மரத்துக்குக் கனம் போதாது, எதுவும் தெரியவரவில்லை.
வீட்டுக்குக் கனம் உண்டு.

தவநேசன் கட்டிப்போட்ட தே ஐஸ் பொட்டலத்தோடு வந்தார்.
குத்தகை அவருடையது. பெட்டியைப் பார்த்தார்.
சாம்பலைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.
"லயத்த விட்டு வர்ற நம்ம சனங்க வீடும்மா.
ஆளுக்கு மூவாயிரம் வெள்ளி கட்டிட்டாங்க.
எங்க வாயில மண்ணப் போட்டுறாத."

மண் என் வாயில்தான் இருந்தது.
துப்பாமல் பதில் சொல்ல முடியாது.
அவர் முன்னால் துப்பவும் கூசியது.
நாக்கின் மேல் அது
வழுக்கிக்கொண்டே இருந்தது.

திரும்பி நின்று துப்பினேன். எழுதினேன்:
8.6 முதல் 9.0. களி. சாம்பல். மிக மென்மை.
பென்சிலை வைத்துவிட்டு
பேனாவால் மேலேயே இன்னொரு முறை.
"ஷஃபிகுல், இன்னும் ஆழம் போ.
அடிக் கல் கிடைக்கும் வரைக்கும்."
தவநேசன் பொட்டலத்தை
ஜீப்பின் மேல் வைத்துவிட்டு நடந்தார்.

மூன்று மணிக்கு அக்கா கூப்பிட்டாள்.
நாற்பத்தொன்றாம் எண் வீடு அவளுடையது.
"தரைக்குச் சாம்பல் கலர் டைல்ஸ் பார்த்தோம்டி,
சலுகை நாளையோட முடியுது."

வாங்காதே என்றேன்.
ஏன் என்றாள்.
தேத்தண்ணியால் கொப்பளித்த பிறகும்
கடைவாய்ப் பல்லிடுக்கில்
கொஞ்சம் இருந்தது.