பதில் கை

பந்தயத்தில் அதன் பெயர் ஈவினிங் டெலிகிராம்.
எலஹங்கா லாயத்துக்கு வந்த பிறகு
நான் வைத்த பெயர் தந்தி.
ஏழு மாதம் ஆகிறது.
விலா எலும்பை எண்ணிவிடலாம். எண்ணியிருக்கிறேன்,
எண்ணுவதுதான் இங்கே என் வேலை.

ரத்தம் சரி என்றார் டாக்டர்.
பல் சரி. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று.
சாணத்தைப் பிட்டுப் பார்த்த முனாவர்
அதுவும் சரி என்றார்.
எல்லாம் சரியாக இருந்து
குதிரை மட்டும் இளைத்தது.

வாலிலிருந்து ஒன்பது மயிர்
கவரில் புனேவுக்குப் போனது.
மூன்று பக்கம் திரும்பி வந்தது:
துத்தநாகம் குறைவு, துக்கம் அதிகம்.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
துக்கத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது?
இதர செலவு என்று போட்டேன்.

பிறகு நளினாட்சி ஹெப்பார் வந்தார்,
பருத்திச் சேலை, சேற்றுக்கு பூட்ஸ்.
நூலில் கட்டிய பித்தளை மணி
ஓட்ஸ் மேல் வலமாகச் சுற்றியது, அது ஆமாம்.
பார்லி மேல் இடமாக.
கொள்ளுக்கு என்ன சொல்லிற்றோ,
போர் விமானம் ஒன்று தலைக்கு மேல் கிழித்துக்கொண்டு போக
மணி, நூல், கூரைத் தகரம்
எல்லாமே ஆடின.
கொள்ளு என்றால் வாயைத் திறக்கும்
கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்று
பழமொழி இந்தச் சோதனையை எப்போதோ முடித்துவிட்டது.
தந்திக்கோ இரண்டுக்கும் ஒரே முகம்.

"குதிரைக்கு நீட்டக் கை இல்லையே,
நீங்க வாங்க" என்றார் என்னை.
இடக்கை அதன் கழுத்தில்.
வலக்கை தோள் உயரத்துக்கு நீட்டி.
முனாவர் ஒவ்வொரு கிண்ணமாய் அதன் நெற்றியருகே பிடிக்க
அந்தம்மா இரண்டு விரலால்
என் மணிக்கட்டை அழுத்துவார்.
நின்றால் ஒத்துக்கொள்ளும், விழுந்தால் ஆகாது.
என் உடம்பு வழியாக அது பேசுமாம்.

தவிடு, நின்றது.
பார்லி, நின்றது.
குதிரைமசால், கொஞ்சம் நடுங்கிவிட்டு நின்றது.
மணி ஆமாம் என்ற ஓட்ஸுக்கு
கொடியிலிருந்து ஈரத்துணி நழுவுவதுபோல்
கை விழுந்தது.

நளினாட்சி குறித்துக்கொண்டார்.
எனக்குத் தெரியும்,
மூட்டைக்கு நாற்பது ரூபாய் ஏற்றம் போன மாதம்,
அதைச் சிவப்பு மையில் எழுதியதும் இந்தக் கைதான்.
நானாக இறக்கவில்லை, சத்தியம்.
தாங்கிப் பிடிக்கவும் இல்லை.

மறுபடி என்றேன். கண்ணை மூடிக்கொண்டேன்.
எந்தக் கிண்ணம் என்று சொல்லாதீர்கள் என்றேன்.
நின்றது. நின்றது. விழுந்தது. நின்றது.
விழுந்தது தவிட்டுக்கு.
"குதிரை களைச்சுப் போச்சு" என்றார் நளினாட்சி.
குதிரையா?
காலையில் நான் சாப்பிடவில்லை,
அதை யாரும் அழுத்திப் பார்க்கவில்லை.

கையைத் தொங்கவிட்டேன்.
மே மாதம். முழங்கைவரை வேர்வை.
தந்தி திரும்பியது.
நான்கு கிண்ணத்தையும் தாண்டி வந்து
மணிக்கட்டில் ஆரம்பித்தது,
அகலமான அவசரமில்லாத நாக்கு,
விரலிடுக்கெல்லாம் போய்
மறுபடி மணிக்கட்டுக்கு வந்தது.

முனாவர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
"உப்புக்கட்டி தீர்ந்து ரெண்டு மாசம், மேடம்.
மூணு வாட்டி சீட்டு எழுதிக் கொடுத்தேன்."

கொடுத்திருந்தார்.
மூன்றும் என் மேஜையில் பேப்பர்வெயிட்டுக்குக் கீழே,
ஓரத்தில் பென்சிலால் "பிறகு பார்க்கலாம்".
என் கையெழுத்து.

நளினாட்சிக்கு இப்போது ரசீது எழுதுகிறேன்.
கை இன்னும் பிசுபிசுக்கிறது.
உப்பால் விலா மூடுமா, தெரியாது.
டாக்டரிடம் கேட்க வேண்டும்.
ஓட்ஸ் பற்றியும் கேட்க வேண்டும், இந்தக் கையை நம்பி நிறுத்த முடியாது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
உப்பிடாதவரை?

உப்புக்கட்டி இரண்டு என்று எழுதினேன்.
அடித்துவிட்டு ஐந்து.
அரைக்கதவுக்கு மேல் கழுத்தை நீட்டி
என்னையல்ல,
என் சட்டைக் கையின் ஓரத்தைப்
பார்த்துக்கொண்டிருக்கிறது தந்தி.