நாற்பத்தைந்து டிகிரி

நெல்சன் பே கடையில்
இரண்டையும் மேசைமேல் வைத்தான் லாக்லன்.
ஒன்று நேர்க்குழல்.
கேமரா எங்கே பார்க்கிறதோ கண்ணும் அங்கேயே பார்க்கும்.
மற்றது முழங்கை மாதிரி மடங்கியது,
நாற்பத்தைந்து டிகிரி.
சனி ஞாயிறு இரண்டையும் எடுத்துப் போ,
திங்கட்கிழமை ஒன்றைத் திருப்பிக் கொடு,
மற்றதற்குக் காசு கொடு என்றான்.
காசு என்று அவன் சொன்னது
என் பழைய கொரோலாவை விற்றால் வருவது.

ஹவுசிங்கோடு வந்த சின்ன ஜன்னலில்
முகமூடி என் கண்ணை இரண்டு விரற்கடை தள்ளி நிறுத்தும்.
நடு மட்டும் தெரியும், ஓரமெல்லாம் இருட்டு.
ஐம்பத்தோரு வயசுக் கண்ணுக்குப் பின்திரை
வெறும் வெளிச்சக் கலங்கல்.
மூன்று வருஷமாக
நான் எடுத்த மீன்களுக்கு வால் இருந்ததா என்று
கரைக்கு வந்துதான் பார்த்துக்கொள்கிறேன்.

கூட முங்கும் அமலதாஸ் நேர்க்குழல் கட்சி.
நியூகாசிலில் பஸ் ஓட்டுகிறவர்.
"ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்ட வேணும்.
குனிஞ்சு மடியைப் பார்த்துக்கொண்டு
மீனை எப்பிடிப் பிடிப்பீர்?"

சனிக்கிழமை.
ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குமுன்
கடல் யோசிக்கிற நாற்பது நிமிஷம்.
நீல குரோப்பர் ஒன்று வந்தது.
நேர்க்குழலை நீட்டினேன், அதற்குள் இருந்தது,
முழு மீன்,
நாலு மூலையும் முதல்முறையாக என் கண்ணில்.
வாயில் குழாய் இல்லாவிட்டால் கத்தியிருப்பேன்.

ஆனால் நான் தேடிப் போவது குரோப்பரை அல்ல.
சுண்டுவிரல் நகம் அளவில்
ஓடில்லாத நத்தை ஒன்று மணலை ஒட்டிக் கிடந்தது.
அதன் உயரத்துக்கு இறங்க
மோவாய் மணலில் பதிந்தது,
கழுத்து பின்னுக்கு மடங்க மறுத்தது,
சிலிண்டர் வால்வு பிடரியில் தட்டியது.
புரண்ட என் முழங்கையில் பட்டு
ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சு ஒன்று ஒடிந்தது.
அமலதாஸ் பார்த்தார்.
தண்ணீருக்கடியில் திட்ட முடியாது.
கரையிலும் திட்டவில்லை.
மென்பவளத்தில் வால் சுற்றி நின்ற கடற்குதிரை மட்டும்
மூன்று தடவை முதுகைக் காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மடங்கிய குழல்.
முதல் பத்து நிமிஷம் அது காட்டியது:
மணல், பச்சை நீர், என் கையுறை, மறுபடி மணல்.
நேற்றைய குரோப்பர் வந்ததாம். நான் பார்க்கவில்லை.
அமலதாஸ் சிரித்த குமிழிகளைப் பார்த்தேன்.

பிறகு கழுத்துக்கு ஞாபகம் வந்தது.
இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி லேபில்
இதே சாய்வில், இதே போல் ஒரு குழலுக்குள் குனிந்து
ரத்த அணு எண்ணுகிறேன்.
ஸ்லைடு ஒரு திசையில் கிடக்கும்,
கண் வேறு திசையிலிருந்து வரும்,
விரல் பார்க்காமலே திருகும்.
குனிந்த தலை நிமிராத பெண் என்று
ஒரு காலத்தில் தரகர் என்னைச் சொன்னபோது
அம்மாவுக்கு இருமல் வந்தது.
நான் அப்போது
ஜமுக்காளத்தில் ஏறும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோவாயை மணலில் பதிக்காமல்
கேமராவை மட்டும் தாழ அனுப்பினேன்.
அது பவளத்தின் காலடிக்குப் போனது.
நான் மேலே மிதந்தபடி தலைகுனிந்தேன்.
முகம் பார்த்து முகம் இல்லை.
கடற்குதிரை திரும்பிக்கொள்ளவில்லை.
கண் ஒன்று முன்னே, ஒன்று என்மேல்,
தனித்தனியாக உருண்டன.
இது கோணத்தால் வந்ததா,
அன்றைக்கு அதற்குச் சோம்பலா, தெரியாது.

கரையில் அமலதாஸ் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
முகம், மூக்கு, வயிற்று வளையங்கள், எல்லாம் துல்லியம்.
"வால் எங்கை?"
சட்டத்துக்கு வெளியே.

திங்கள் காலை
நேர்க்குழலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.
மற்றது பழக நூறு முங்கல் ஆகும் என்று எச்சரித்தான் லாக்லன்.
எண்ணுவது எனக்குச் சம்பள வேலை என்றேன்.
தவணைக்கு ஒத்துக்கொண்டான்,
கொரோலா இன்னும் என்னுடையதுதான்.
கிளப்பும்போது மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தேன்.
பிறகு ரோட்டை.