எந்த போட்டுக் கணக்கில்

தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கயிற்றில் கட்டுண்டு
ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்க
ஃபைபர் போட்டுகளுக்கு மட்டும்
ஐஸ் உடைக்கிறேன் காசிமேட்டில்.
அரை நாள் வேலை, அரைக் கூலி.

கத்திரி பிறந்து ஒன்பதாம் நாள்.
துறைமுக வாசலுக்கு வரிசை கட்டிய டிரெய்லர்கள்
நேற்றிலிருந்து நகரவில்லை.
தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது.

மூன்று கூடை ஐஸை மீன்பாடி வண்டியிலேற்றிச்
சாக்குப் போர்த்தி மிதித்துப் போகையில்
கூழ்க்கடை சகாயமேரி கை தட்டிக் கூப்பிட்டாள்:
"இந்த ஆளப் பாரு.
மூணு வாட்டி துட்டு குடுத்துட்டான்,
கூழு இன்னும் வாங்கல."

காக்கிநாடாவிலிருந்து வந்த டிரைவர்.
அப்பலராஜு, அப்பலராஜு என்று
கிளீனர் பையன் உலுக்கிக்கொண்டிருந்தான்.
தெலுங்கிலும் சேராத தமிழிலும் சேராத
ஏதோ ஒன்றைப் பேசினான் அவன்.
தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி.
ஆனால் ஒரு சொட்டு வேர்வை இல்லை.
மே மாதத்தில், கடலோரத்தில்,
உலர்ந்த நெற்றி.

சோடா கொடு என்றான் ஒருத்தன்.
"வாயில ஊத்தாத, பொறையேறிப் பூடுவான்"
அதட்டியவள்
108-க்கு வழி சொல்லிக்கொண்டே
சட்டைப் பித்தானை அறுத்தாள்.
வண்டி நிழலுக்கு இழுத்தோம்.
பானை கழுவ வைத்திருந்த குடம் மொத்தமும் அவன்மேல்.
கழுத்தில் ஐஸ், அக்குளில் ஐஸ்,
தொடையிடுக்கில் ஐஸ்.
வஞ்சிரத்துக்கு அடுக்குவது போலத்தான் அடுக்கினேன்,
எனக்குத் தெரிந்த அடுக்கு அது ஒன்று.
பையன் அட்டைப்பெட்டியைக் கிழித்து
விசிறினான் விசிறினான்.

லாரிகளுக்குள் ஆம்புலன்ஸ் புகுந்து வர இருபது நிமிடம்.
அதற்குள் ஒருதரம் கண் திறந்து
"சலி" என்றான்.
குளிருதாம்.
சகாயமேரி கூழ்க்கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு
ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் கணக்கர் தணிகாசலம் நோட்டைப் பிரித்தார்.
"மூணு கூட. எந்த போட்டுக் கணக்குல எழுத?"
நான் யோசித்துக்கொண்டே நின்றேன்.
கூலியில் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து
தாகமெடுக்கும் முன்பே குடிக்கிறேன்,
ஒரு சிட்டிகை உப்போடு.
பன்னிரண்டுக்கு மேல் கூடை தூக்கச் சொன்னால்
நாலு மணிக்கு வரேன் என்கிறேன். திட்டு வாங்குகிறேன்.
ஷேர் ஆட்டோவில் பக்கத்து ஆளின் தோள்
நசநசவென்று ஒட்டும்போது
முன்பெல்லாம் முகம் சுளிப்பேன்.

வேர்க்கிறதே.
ஒட்டிக்கொள்ளட்டும்.