கழற்றிய பூட்டு

ஐந்து வருடம் தினம் ஒரு மாத்திரை.
வினிபெக்கில் மைனஸ் முப்பது,
என் தோலுக்குள் அக்கினி நட்சத்திரம்.
நள்ளிரவில் ஜன்னலைத் திறப்பேன்;
இளந்திரையன் கம்பளித் தொப்பியோடு தூங்கினார்.

மார்கழியில் எடுத்த ஸ்கேனில்
இடுப்பெலும்பில் ஒரு புள்ளி.

"சாவியைப் பிடுங்கிவிட்டோம்.
பூட்டு சாவியில்லாமலே
திறக்கப் பழகிவிட்டது"
என்றார் டாக்டர் ஹீபர்ட்.

நாற்பத்தெட்டு வீட்டுக் கட்டடத்துக்குச்
சூப்பரின்டெண்டன்ட் நான்.
அழ வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டேன்.
அப்படி ஒரு பூட்டை
நானென்றால் கழற்றி எறிவேன் என்றேன்.

"அதற்குத்தான் இந்த மருந்து."

மாதம் இரண்டு ஊசி,
இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.
ஃபிரிட்ஜிலிருந்து வரும்போது
கெட்டித் தேன்.
மாரிவிக் இரண்டு சிரிஞ்சையும்
உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு
மகனின் ஹாக்கியைப் பற்றிச் சொல்கிறாள்,
மருந்துக்குக் குளிர் விடும்வரை.
பிறகு குப்புறக் கிடக்கிறேன்.
மெதுவாக, அவள் மூச்சு கேட்கிற அளவு
மெதுவாக அழுத்துகிறாள்.

ஏப்ரலில் புள்ளி அதே அளவு.
"வளரவில்லை" என்றார்.
அதற்குமேல் அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

நொண்டிக்கொண்டே வந்து
முந்நூற்றாறாம் எண் வீட்டில்
ராத்திரி முழுக்கச் சொட்டிய குழாய்க்கு
வாஷர் மாற்றினேன்.