அரைப்பேர்

ஒன்பதாம் நம்பர் மலையில்
கானுக்குள் கத்தியது.
குருவி என்றுதான் நினைத்தேன்.
தாய்ப்பூனை வருமென்று
தேத்தண்ணி நேரம் வரை விட்டுப் பார்த்தோம்.
மழைதான் வந்தது.

படங்கின் மடிப்பில் முடிந்து எடுத்து வந்தேன்.
மடுவத்தில் செபமாலை அக்கா
விளையாட்டுக்குத் தராசில் வைத்தாள்.
இருநூற்றுப் பத்து கிராம்.
"ஈரக் கொழுந்து, தண்ணிக்குக் கழிக்கணும்"
என்றார் கணக்கப்பிள்ளை, சிரிக்காமல்.
பதினெட்டுக் கிலோ கேட்ட நாளில்
நான் பறித்தது பதினாறு.
எனக்கு அரைப்பேர் விழுந்தது.
அதையே அதற்கும் வைத்தோம்.
"முழுப்பேர் வைக்கலாம், முதல்ல பிழைக்கட்டும்"
என்றாள் மகள் விதுர்ஷா.

வீட்டில் ஏற்கெனவே ஒருவன் இருந்தான்.
கண்டாக்கு, எங்கள் நாய்.
நிஜக் கண்டாக்கையா தூரத்தில் இருக்கும்போது மட்டும்
சத்தமாகக் கூப்பிடுவோம்.
போன தை மாதம்
ஒரு கடுவன் பூனையைக் கழுத்தில் பிடித்து
ஈரத்துணி உதறுவதுபோல் உதறியவன்.

பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா.
பூனை உள்ளே, அடுப்போரம், பிஸ்கட் பெட்டியில்.
நாய் இஸ்தோப்பில், சங்கிலியில்.
நடுவே அடிப்பக்கம் உளுத்த கதவு.
அந்த ஓட்டையில் மூக்கை வைத்து இழுத்தான்,
வீட்டையே உறிஞ்சிவிடுவான் போல.

பணிய லயத்து ஆட்டுப்பால்,
மருந்து ஊற்றும் குழாயில், சொட்டுச் சொட்டாக,
இரவில் மூன்று தடவை.
பின்பக்கம் ஈரப்பஞ்சால் தடவினால்தான்
மூத்திரம் போகும்.
தாயின் நாக்கு எத்தனை வேலை பார்க்கிறது என்று
அப்போதுதான் தெரிந்தது.

நாயின் சாக்கைப் பெட்டிக்கு அடியில் விரித்தாள் விதுர்ஷா.
பூனையின் துணி நாயின் சோற்றுச் சட்டிக்குக் கீழே போனது.
மணத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தோம்.
நான் சங்கிலியை நீட்டினேன்,
கிழமைக்கு ஒரு கண்ணி.
ஐந்தாவது கண்ணியில்
அவன் மூக்கில் மூன்று கோடு விழுந்தது.
இரண்டு நாள் கோபித்துக்கொண்டு
சாக்கடைப் பக்கம் படுத்தான்.

அதற்குள் மேட்டு லயத்தில் ஒரு நாயைக் காணவில்லை.
காலையில் சங்கிலி மட்டும் கிடந்தது.

அன்றிரவு கண்டாக்கை உள்ளே இழுத்தேன்.
பிறந்ததிலிருந்து வாசற்படி தாண்டாதவன்
வரமாட்டேன் என்று காலை ஊன்றினான்.
ஒருபக்கம் நாய், மறுபக்கம் பெட்டி,
நடுவில் நான், கையில் விறகுக்கட்டை.
விதுர்ஷா கட்டிலுக்கு மேலே, விழித்தபடி.

நடுச்சாமத்தில்
கொய்யா மரத்தடியில் யாரோ பலகை அறுப்பதுபோல்
ஒரு மூச்சு. இழுத்து, விட்டு, இழுத்து.
அதுவும் பூனைதான்.

கண்டாக்கு குரைக்கவில்லை.
நடுங்கினான்; தரை நடுங்குவது என் முதுகுக்குத் தெரிந்தது.
அரைப்பேருக்கு ஒன்றும் தெரியாது.
பெட்டியிலிருந்து விழுந்து
என் வயிற்றில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி
ஆண்நாயின் அடிவயிற்றில் பால் தேடியது.

கட்டையை இறுக்கிப் பிடித்தேன்.
அவன் குனிந்து அதைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
கதவைப் பார்த்தான்.
பிறகு ஒரே ஒரு நக்கு.
உருண்டுபோய்ச் சுவரில் இடித்தது.
மறுபடி வந்தது, அதே இடத்துக்கு,
முன்னங்கால்களால் பிசைந்துகொண்டு.
நடுக்கம் எப்போது நின்றதென்று தெரியாது.
நான் தூங்கிவிட்டேன்.

சிநேகம் என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
கருவாட்டு முள் விழும் நேரத்தில் இரண்டும் பங்காளிகள்.
போன கிழமைகூடச் சட்டிக்குள் காலை விட்டுச் சீறியது,
அவனைவிடக் கால்வாசிகூட இல்லாதது.
கொழும்புக் கடையிலிருந்து அவர் போனில் கேட்கிறார்:
"ரெண்டுக்கும் எங்கேயிருந்து போடுறே?"
கோடு கிடைக்கவில்லை என்று வைத்துவிடுகிறேன்.

"வளந்துருச்சே, முழுப்பேர் வையேன்டி"
என்கிறாள் செபமாலை அக்கா.
வைத்துப் பார்த்தோம். மீனா, ராணி, என்னென்னமோ.
காது அசையவில்லை.
பெரட்டு முடிந்து வரும்போது
கோயில் முடக்கில் நின்று
"அரைப்பேர்" என்று கூப்பிட்டால்தான் ஓடிவருகிறது,
வாலைத் தூக்கிக்கொண்டு.

கண்டாக்கும் வருகிறான்,
அதே பேருக்கு.